விசார்ட்: அறிந்தவனின் பெயர்

விசார்ட் என்ற ஆங்கிலச் சொல் பிறந்தபோது அதற்கும் மந்திரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் அது எழுத்தில் தலைகாட்டுகிறது. அப்போது அதன் பொருள் ஞானி, தத்துவம் கற்றவன், பலதும் அறிந்தவன் என்பதுதான். நரைத்த தாடி, கூர்த்தொப்பி, கைக்கோல் எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. அறிவுள்ள என்று பொருள்படும் ‘வைஸ்’ என்ற சொல்லோடு ‘ஆர்ட்’ என்ற பின்னொட்டைச் சேர்த்தார்கள், விசார்ட் உண்டானது.

அந்தப் பின்னொட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பழைய ஜெர்மானியச் சொல். ஆதியில் உறுதியான, துணிவுள்ள என்று பொருள். ரிச்சர்ட், பெர்னார்ட், ஜெரார்ட் என்ற ஆண்பெயர்களின் கடைசியில் ஒட்டியிருப்பது அதுதான். மனிதர்களின் பெயரில் இருந்தவரை அதற்குக் கௌரவம் இருந்தது. பொதுச்சொற்களில் ஏறியதும் குணம் திரிந்துவிட்டது. ட்ரங்கர்ட் என்றால் குடிகாரன். கவர்ட் என்றால் கோழை. ஸ்லகர்ட் சோம்பேறி, டோட்டர்ட் வயதாகிப் புத்தி தளர்ந்தவன். ஒருவனிடம் ஒரு குணம் அளவுமீறி இருப்பதைச் சுட்டி இகழ்வதற்கான ஒட்டு இது. இந்த வரிசையில் விசார்டை வைத்துப் பாருங்கள். நம் பேச்சில் ஒருவரை ‘அதிமேதாவி’ என்கிறோமே, அந்தத் தொனி கேட்கும். மேதை என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும், அதே மூச்சில் கொஞ்சம் தள்ளிவைக்கவும் வேண்டும். இந்த இரட்டை மனம் ஐந்தரை நூற்றாண்டுகளாக அந்தச் சொல்லை விட்டுப் போகவில்லை.

வைஸ் என்ற பகுதியின் வேர் இன்னும் ஆழமாக ஓடுகிறது. இந்தோ ஐரோப்பிய மொழிகளுக்குப் பொதுவாக மொழியியலாளர்கள் மீட்டெடுத்துள்ள ‘வெய்த்’ என்ற வேர் அது. பார்த்தல், அறிதல் இரண்டும் அதன் பொருள். இலத்தீன் கிளையில் அது பார்வைச் சொல்லாயிற்று. நாம் அன்றாடம் சொல்லும் வீடியோ அங்கிருந்து வருகிறது. ஆங்கிலத்தில் விட், விஸ்டம், விட்னஸ் என்று கிளைத்தது. வடமொழியில் வேதம் என்றும் வித்யா என்றும் ஆனது. வித்யா தமிழுக்கு வந்து வித்தை ஆயிற்று. ஆக, விசார்டும் வித்தையும் தூரத்து உறவினர்கள்.

உறவு வேரோடு நிற்கவில்லை, விதியிலும் தொடர்கிறது. தமிழில் வித்தை என்பது கல்வி. ‘வித்தை காட்டுகிறான்’ என்றால் அதே சொல் கண்கட்டு. வித்துவானுக்குச் சபையில் இருக்கை உண்டு, பொன்னாடை உண்டு. வித்தைக்காரருக்குத் தெருமுனையும் சுற்றி நிற்கும் கூட்டமும்தான். ஒரு வேரிலிருந்து வந்த இரண்டு பேரில் ஒருவரை உள்ளே அழைத்து மற்றவரை வாசலில் நிறுத்தினோம். இங்கிலாந்தில் ‘வைஸ் மேன்’ என்பவருக்கும் விசார்டுக்கும் நடந்ததும் இதுவே. இரண்டு மொழிகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்ததல்ல. தனக்குத் தெரியாததை அறிந்தவனிடம் ஊருக்கு மதிப்பும் பயமும் சேர்ந்தே வருகின்றன. அந்தப் பயம் சொல்லில் படிந்துவிடுகிறது.

மிகுபுனைவுக் கதைகளில் விசார்டை மற்ற மந்திரக்காரர்களிடமிருந்து எது பிரிக்கிறது என்ற கேள்விக்கு என் பதில் இந்த வேரில்தான் இருக்கிறது. சக்தியின் அளவு பிரிக்கவில்லை, உடுப்பு பிரிக்கவில்லை. சக்தி ஒருவனிடம் வந்துசேர்ந்த வழிதான் பிரிக்கிறது. விசார்ட் கற்று அறிந்தவன். ஆனால் இந்தப் பொருள் பிறந்த நாளிலிருந்து நேராக நம்மிடம் வந்துவிடவில்லை. நடுவில் நெடுங்காலம் அது பழிச்சொல்லாகக் கிடந்தது. 20ஆம் நூற்றாண்டில் சில எழுத்தாளர்களும் ஒரு விளையாட்டின் விதிநூலும் அதைத் தோண்டி எடுத்தார்கள்.

16ஆம் நூற்றாண்டின் நடுவில் விசார்ட் மந்திரவாதியாகிவிட்டான். அந்தக் காலத்தில் கணிதம், வானியல், சோதிடம், இரசவாதம் எல்லாம் ஒரே மேசையில், ஒரே மனிதரின் கையில் இருந்தன. முதலாம் எலிசபெத் அரசிக்கு ஆலோசகராக இருந்த ஜான் டீயை எடுத்துக்கொள்ளலாம். 1527இல் பிறந்தவர், முதல்தரக் கணித அறிஞர். மார்ட்லேக்கில் இருந்த அவருடைய வீட்டு நூலகம் அன்றைய இங்கிலாந்தின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று. கேம்பிரிட்ஜில் இளைஞராக இருந்தபோது அரிஸ்டாஃபனீஸின் நாடகம் ஒன்றுக்காக மேடையில் இயந்திர வண்டு ஒன்றைப் பறக்கவைத்தார். பார்த்தவர்கள் மந்திரம் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தியது. கப்பியும் கயிறும் புரிந்தவனுக்கும் பேயை அழைப்பவனுக்கும் வேறுபாடு தெரியாத கூட்டத்தின் முன்னால்தான் ‘அறிந்தவன்’ என்ற சொல் ‘மந்திரவாதி’ என்ற பொருளுக்கு நழுவியது.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள் இந்த நழுவலுக்கு முத்திரை குத்தியது. லேவியராகமத்தில் யாரை நாடக் கூடாது என்று சொல்லும் இடத்தில் விசார்ட் வருகிறது. எபிரேய மூலத்தில் அங்கே உள்ள சொல் ‘யித்தெயோனி’. அதன் வேர் ‘யாதா’. அதற்கும் அறிதல் என்றுதான் பொருள். எபிரேயம் இந்தோ ஐரோப்பிய மொழியே அல்ல. அங்கும் விலக்கப்பட்ட மனிதனின் பெயர் அறிந்தவன் என்றே இருந்திருக்கிறது. தமிழ் விவிலியம் அந்த வசனத்தில் அஞ்சனம் பார்க்கிறவர்களையும் குறிசொல்லுகிறவர்களையும் சொல்கிறது. மைபோட்டுப் பார்ப்பதும் குறி சொல்வதும் நம் ஊர்களில் அப்படிப்பட்ட அறிவின் தொழில்கள். மொழிபெயர்த்தவர்கள் அகராதியைப் பார்த்ததோடு தெருவையும் பார்த்திருக்கிறார்கள்.

மந்திரவாதியைக் குறிக்கும் இன்னொரு சொல்லான மேஜின் கதையும் இதே பைபிளில் ஒரு முடிச்சாகக் கிடக்கிறது. பழம்பாரசீகத்தில் ‘மகுஷ்’ என்பவர் குருமார் மரபைச் சேர்ந்தவர். பெஹிஸ்தூன் பாறையில் முதலாம் தாரியஸ் வெட்டிவைத்த கல்வெட்டில், அரியணையைக் கவர்ந்தான் என்று அவர் பழிசுமத்தும் கௌமாதா ஒரு மகுஷ். ஹெரோடோட்டஸ் அவர்களை மேதியர்களின் ஒரு குலமாகச் சொல்கிறார். கனவுக்குப் பலன் சொல்வதும் வேள்வி நடத்துவதும் அவர்கள் வேலை. கிரேக்கர்களுக்கு அவர்கள் பகைநாட்டுப் பூசாரிகள். ஆகவே ‘மகோஸ்’ என்ற சொல்லில் வியப்பும் வெறுப்பும் கலந்தன. மேஜிக் என்ற சொல்லே அதிலிருந்து பிறந்தது. புதிய ஏற்பாட்டில் குழந்தை இயேசுவைக் காண நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வந்தவர்கள் மகோய். சமாரியாவில் மக்களைப் பிரமிக்கவைத்த சீமோன் செய்ததும் அதே சொல்லின் வினை. தமிழ் விவிலியம் முதலில் வந்தவர்களைச் சாஸ்திரிகள் என்றும் சீமோனை மாயவித்தைக்காரன் என்றும் பிரித்துவிட்டது. ஆங்கிலமும் அப்படித்தான் பிரித்தது. ஆனால் மில்டன் 1629இல் கிறிஸ்து பிறப்பைப் பாடிய கவிதையில் அந்தக் கீழ்த்திசை அறிஞர்களை விசார்டுகள் என்றே அழைத்தார். பழிச்சொல்லாகிவிட்ட பின்னும் பழைய மரியாதை ஒரு பெருங்கவியின் காதில் எஞ்சியிருந்தது என்பதற்கு எனக்கு இந்தச் சான்று போதும்.

இங்கிலாந்தின் கிராமங்களில் இந்தச் சொல் வேறொரு வாழ்க்கை வாழ்ந்தது. களவு போன பொருளைக் கண்டுபிடித்துச் சொல்ல, மாட்டுக்கு வந்த நோயைத் தீர்க்க, செய்வினையை எடுக்க ஊருக்கு ஒருவர் இருந்தார். ‘வைஸ் மேன்’, ‘கன்னிங் மேன்’, விசார்ட் என்று மாற்றி மாற்றி அவரைக் கூப்பிட்டார்கள். கன்னிங் என்ற சொல் அன்றைக்கு இன்று போலத் தந்திரத்தைக் குறிக்கவில்லை. அறிதல் என்ற வினையிலிருந்து வந்தது, கைதேர்ந்த அறிவு என்று பொருள். 1584இல் சூனிய வழக்குகளின் மூடத்தனத்தை எதிர்த்துப் புத்தகம் எழுதிய ரெஜினால்ட் ஸ்காட், சாதாரண மக்கள் ஒரு கிழவியை விட்ச் என்பதும் அறிவுள்ள பெண் என்பதும் ஒன்றுதான் என்று குறித்துவைத்தார். ஊருக்கு அவள் மருத்துவச்சி, நீதிமன்றத்துக்குக் குற்றவாளி. 1542, 1563, 1604 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அவளையும் அவனையும் ஒரே கூண்டில் ஏற்றின.

இதே காலத்தில்தான் புத்தகம் மந்திரத்தின் இருப்பிடமாகிறது. ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில் பிராஸ்பரோவின் பலம் முழுக்க அவருடைய நூல்களில் இருக்கிறது. அவரைக் கொல்லத் திட்டமிடும் காலிபன் முதலில் புத்தகங்களைக் கைப்பற்றச் சொல்கிறான். மந்திரத்தைத் துறக்கும்போது பிராஸ்பரோ கோலை முறிக்கவும் நூலைக் கடலில் ஆழ்த்தவும் முடிவெடுக்கிறார். எழுத்தறியாத ஊரில் எழுத்து எப்படித் தெரிந்திருக்கும் என்பதற்கு ஆங்கிலத்திலேயே அழியாத தடம் ஒன்று உண்டு. கிராமர் என்ற சொல், இலக்கணத்தைக் குறிப்பதுதான், ஸ்காட்லாந்து வாயில் திரிந்து கிளாமர் ஆயிற்று. முதலில் அதன் பொருள் கண்ணை மயக்கும் மந்திரம். பிரெஞ்சில் அதே இலக்கணச் சொல் திரிந்து கிரிமுவார் ஆகி மந்திரநூலைக் குறித்தது. இலக்கணம் படித்தவன் மந்திரம் அறிந்தவன் என்ற எண்ணம் எவ்வளவு இயல்பாக இருந்திருந்தால் இரண்டு மொழிகளில் இரண்டு முறை இது நடந்திருக்கும்!

மற்றவர்களின் பெயர்களுக்கு வேறு வேறு பிறப்புகள். சார்சரர் என்பதன் அடியில் இலத்தீன் ‘சோர்ஸ்’ இருக்கிறது. குறிபார்க்கப் போடும் சீட்டு அது. ஒருவருக்கு வாய்த்த பங்கு, விதி என்ற பொருள்களும் அதற்கு உண்டு. சீட்டுப் போட்டுப் பார்ப்பவரே முதல் சார்சரர். என்சாண்டர், மந்திரத்தைப் பாடுபவர். நெக்ரோமான்சர், கிரேக்கத்தில் இறந்தவர்களை எழுப்பிக் குறி கேட்பவர். ஒடிசியில் ஒடிசியஸ் பலியிட்ட இரத்தத்தால் ஆவிகளை வரவழைப்பது அந்தச் சடங்குதான். இடைக்கால இலத்தீன் எழுத்தர்கள் ‘நெக்ரோ’வைக் கருப்பு என்று பொருள்படும் ‘நிக்ரோ’வாக எழுத, மந்திரத்துக்கே கருநிறம் ஏறிவிட்டது. விட்ச் பழைய ஆங்கிலத்தில் ஆணுக்கு ‘விக்கா’, பெண்ணுக்கு ‘விக்கே’. அதன் மூலம் பற்றி அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அதுவும் அறிவு என்ற வேரிலிருந்தே வந்தது என்று பலர் ஆசையோடு சொல்கிறார்கள். ஒலிப்பொருத்தம் தவிர அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அழகான விளக்கம் என்பதற்காக அதை ஏற்கக் கூடாது.

வார்லாக்கின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பழைய ஆங்கிலத்தில் ‘வாயர்லோகா’. ‘வாயர்’ என்பது உடன்படிக்கை, கொடுத்த வாக்கு. ‘லோகா’ என்பது பொய்யன். வாக்குத் தவறியவன், நம்பிக்கைத் துரோகி என்று பொருள். சாத்தானுக்கும் அந்தப் பெயர் வழங்கியது. பிறகு வடக்கே ஸ்காட்லாந்தில் அது ஆண் சூனியக்காரனின் பெயராக நிலைத்தது. 1790இல் ராபர்ட் பர்ன்ஸ் எழுதிய ‘டாம் ஓ ஷான்டர்’ கதைப்பாட்டில் பாழடைந்த தேவாலயத்துக்குள் ஆடும் கூட்டத்தில் வார்லாக்குகளும் உண்டு. அந்தப் பெயரில் அறிவைப் பற்றி ஒரு எழுத்தும் கிடையாது. அது ஒருவன் செய்ததைச் சொல்கிறது, அவன் அறிந்ததைச் சொல்லவில்லை.

1900இல் எல். ஃபிராங்க் பாம் எழுதிய ‘ஓஸ்’ கதையில் விசார்டின் பின்னொட்டு மறுபடி தலைதூக்குகிறது. மரகத நகரத்தை ஆளும் மாபெரும் விசார்ட், திரையை விலக்கினால், ஒமாஹாவிலிருந்து பலூனில் வழிதவறி வந்த சர்க்கஸ்காரர். அந்த நாட்டில் உண்மையான மந்திரம் உள்ளவர்கள் நாலு திசைகளின் விட்சுகளே. இருந்தாலும் அந்த மனிதர் அறிவில்லாதவர் அல்ல. வைக்கோல் பொம்மைக்கும் தகர மனிதனுக்கும் கோழைச் சிங்கத்துக்கும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததை நம்பவைக்கிறார். சொல்லின் இரண்டு பாதிகளும் ஒரே ஆளில் கூடியிருக்கின்றன.

இந்தச் சொல்லுக்கு அதன் முதற்பொருளை மீட்டுக் கொடுத்தவர் ஜே. ஆர். ஆர். டோல்கியன். அவர் செய்ததை நாவலாசிரியரின் வேலையாக மட்டும் நான் பார்க்கவில்லை, அகராதிக்காரரின் வேலையாகவும் பார்க்கிறேன். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய டோல்கியனுக்கு 1919இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் வேலை கிடைத்தது. ஹென்றி பிராட்லியின் கீழ் டபிள்யூ எழுத்தில் வேலை செய்தார். ‘வேகிள்’ முதல் ‘வார்லாக்’ வரையான பகுதியில் அவருடைய கை பட்டிருக்கிறது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியரானார். 1937இல் ‘ஹாபிட்’ வந்தபோது கண்டால்ஃப் சிறுவர் கதைகளின் வழக்கமான கிழ விசார்ட், வாணவேடிக்கை காட்டுகிறவர். பெயரும் அவருக்காகச் செய்த பெயர் அல்ல. பழைய நார்ஸ் கவிதையான ‘வோலுஸ்பா’வில் உள்ள குள்ளர்களின் பட்டியலிலிருந்து எடுத்தது. முதல் வரைவில் அது குள்ளர் தலைவனின் பெயராக இருந்தது. விசார்டின் பெயர் பிளாடர்தின். கோல் என்றும் மந்திரம் என்றும் பொருள் கொள்ளத்தக்க ‘கண்ட்’ அந்தப் பெயரில் இருந்ததால் அது கோல் ஏந்தியவரிடம் போய்ச் சேர்ந்தது.

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ 1954, 1955 ஆண்டுகளில் வெளிவந்தபோது அந்தக் கிழவர் உருமாறியிருந்தார். டோல்கியன் தன் கற்பனை மொழியான குவென்யாவில் இந்த மனிதர்களுக்கு ‘இஸ்தாரி’ என்று பெயர் வைத்தார். அறிதல் என்ற வேரிலிருந்து அமைத்த பெயர். விசார்ட் என்பது அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு என்று குறிப்புகளில் விளக்கினார்; வைஸ் என்ற சொல்லோடு உறவு இருப்பதால் அதைத் தேர்ந்ததாகவும், மற்றக் கதைகளின் மந்திரவாதிகளோடு குழம்பும் ஆபத்து இருப்பதாகவும் சொன்னார். அவர் இறந்தபின் 1980இல் வெளிவந்த ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ நூலில் இஸ்தாரி பற்றிய கட்டுரை இருக்கிறது. ஐந்து பேர். கடல் கடந்து அனுப்பப்பட்ட தூதர்கள். அவர்களுக்கு இடப்பட்ட கட்டுப்பாடு முக்கியமானது: வலிமைக்கு வலிமையாக நிற்கக் கூடாது, அச்சுறுத்தி ஆளக் கூடாது, ஆலோசனை சொல்லலாம், நெஞ்சில் துணிவை மூட்டலாம். கண்டால்ஃப் கதை நெடுக மந்திரம் செய்வது மிகக் குறைவு. பழஞ்சுவடி தேடி மினாஸ் திரித் நகரத்தின் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறார், படிக்கிறார், எந்த மோதிரம் எது என்று கண்டுபிடிக்கிறார். கதையின் திருப்பம் ஒரு வாசகரின் வேலையில் நிகழ்கிறது.

அவருக்கு எதிரே மற்றோர் இஸ்தாரியான சாருமான். அந்தப் பெயரில் உள்ள பழைய ஆங்கில ‘செயாரு’ திறமை, சூழ்ச்சிப் பொறி இரண்டையும் குறிக்கும். எல்ஃப் மொழிப் பெயரான குருனீரும் கைத்திறன் உள்ளவன் என்றே சொல்கிறது. அறிவு கண்டால்ஃபிடம், திறன் சாருமானிடம் என்று டோல்கியன் பெயரிலேயே கோடு போட்டுவிட்டார். ‘அறிந்தவன்’ என்ற சொல்லில் ஊர் எதற்குப் பயந்ததோ அந்தப் பாதி முழுவதையும் சாருமானுக்கு ஒதுக்கி, மீதியைக் கண்டால்ஃபுக்குக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கண்டால்ஃபைப் பார்த்தும் பழங்கதை மந்திரவாதி மெர்லினைப் பார்த்தும் எழுந்த கேள்வி ஒன்றிலிருந்து அடுத்த பெரிய படைப்பு பிறந்தது. எல்லா விசார்டுகளும் வெள்ளைத்தாடிக் கிழவர்களாக இருக்கிறார்களே, இளம் வயதில் அவர்கள் எப்படி இருந்திருப்பார்கள், இந்த அறிவை எங்கே கற்றிருப்பார்கள் என்று அர்சுலா லெ குவின் யோசித்தார். 1968இல் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ வந்தது. ரோக் தீவின் பள்ளியில் ஒன்பது ஆசான்கள். அவர்களில் ஒருவர் பெயர்களை மட்டும் கற்பிக்கிறார். மாணவர்கள் ஒதுங்கிய கோபுரத்தில் உட்கார்ந்து பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கே அதன்மேல் ஆணை உண்டு. லெ குவினின் தந்தை ஆல்ஃபிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியலாளர் என்பதை நினைத்துக்கொண்டால், பெயரை மறைத்துவைக்கும் சமூகங்கள் இந்தக் கதைக்குள் இவ்வளவு நம்பகமாக வந்தது வியப்பாக இருக்காது. அறிவு என்ற வேர்ப்பொருளை யாரும் இதைவிட நேராக எடுத்துக்கொண்டதில்லை.

எர்த்சீயில் தரவரிசை உண்டு. கல்வியை முடித்துக் கோல் பெற்றவர் விசார்ட். கற்றும் கோல் பெறாதவர் சார்சரர். பள்ளியின் வாசலை மிதிக்க அனுமதி இல்லாத கிராமத்துப் பெண் விட்ச். கதைநாயகனான கெட் என்ற சிறுவனுக்கு முதல் மந்திரம் சொல்லிக்கொடுத்தவள் அப்படியொரு விட்சான அவன் தாயின் சகோதரிதான். முதல் நூலில் கதை அவளைத் தாழ்வாகவே நடத்துகிறது. கற்றவன் பெயரில் பெருமை ஏறியதும் கற்க விடப்படாதவளின் பெயரில் இழிவு ஏறியது. லெ குவின் இதை அப்படியே விட்டுவிடவில்லை. 1990இல் ‘தெஹானு’வில் அதே உலகத்துக்குத் திரும்பி, அடுப்படியிலும் ஆட்டுப்பட்டியிலும் நின்று அதைப் பார்த்தார். 2001இல் வந்த கதைத்தொகுப்பில் ரோக் பள்ளியைத் தொடங்கியவர்களில் பெண்கள் இருந்ததையும் பிறகு வெளியேற்றப்பட்டதையும் எழுதினார். தான் ஆக்கிய சொல்வரிசையைத் தானே உடைத்துப் பார்த்த இந்த நேர்மைக்காக அவரை நான் டோல்கியனுக்கு ஒரு படி மேலே வைக்கிறேன்.

இன்றைக்கு இளம் வாசகர்கள் விசார்ட், சார்சரர், வார்லாக் வேறுபாட்டை நுணுக்கமாகச் சொல்கிறார்கள். கற்றவன் ஒருவன், பிறவியில் பெற்றவன் ஒருவன், உடன்படிக்கை செய்து வாங்கியவன் ஒருவன். இது தொன்றுதொட்டு வந்த பிரிவு என்றே பலரும் நம்புகிறார்கள். அது உண்மை அல்ல. நாவலாசிரியர்கள் வெகுகாலம் இந்தச் சொற்களை ஒன்றுக்கு ஒன்று மாற்றியே புழங்கினார்கள். இந்தப் பிரிவின் பிறப்பிடம் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் விதிநூலில் மந்திரம் செய்யும் பாத்திரத்துக்கு ‘மேஜிக் யூசர்’ என்ற வெறும் அலுவல் பெயர்தான். ஒவ்வொரு படி ஏறும்போதும் அவனுக்கு ஒரு பட்டம் மாறும். எட்டாம் படியில் வார்லாக், ஒன்பதில் சார்சரர், பத்தில் நெக்ரோமான்சர், பதினொன்றில் விசார்ட். நான்கும் ஒரே ஆள், ஒரே தொழிலின் பதவி உயர்வுகள்.

அந்த விளையாட்டின் மந்திரமுறைக்கு மூலம் ஜாக் வான்ஸ். அவருடைய ‘த டையிங் எர்த்’ 1950இல் வெளிவந்தது. அதில் மந்திரவாதிகள் புத்தகத்திலிருந்து மந்திரத்தை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மனம் சிலவற்றையே தாங்கும். சொன்ன கணமே அது நினைவிலிருந்து அழிந்துவிடும். மறுநாள் மறுபடி படிக்க வேண்டும். விளையாட்டு இதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆகவே விளையாட்டு மந்திரவாதி கையில் எப்போதும் ஒரு சுவடி இருந்தது. பிராஸ்பரோவின் நூல் மேசையில் திரும்பவும் விரிந்தது.

பெயர்கள் உண்மையாகப் பிரிந்தது 2000இல், மூன்றாம் பதிப்பில். விசார்ட் சுவடியைப் படித்து ஆயத்தம் செய்பவன். அவனுக்கு வேண்டியது புத்திக்கூர்மை. சார்சரருக்குச் சுவடி இல்லை. மந்திரம் இரத்தத்தில் இருக்கிறது, தம் மரபில் டிராகன் இரத்தம் ஓடுகிறது என்று அவர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. சார்சரருக்கு வேண்டியது ஆளுமையின் ஈர்ப்பு. வார்லாக் 2004இல் ஒரு துணைநூலில் தனி வகுப்பாக வந்து, 2008இல் நான்காம் பதிப்பின் அடிப்படை நூலில் இடம்பிடித்தான். தன்னைவிடப் பெரிய ஏதோ ஒன்றோடு செய்த உடன்படிக்கையால் சக்தி பெறுகிறவன் அவன். மார்லோவின் நாடகத்தில் டாக்டர் ஃபாஸ்டஸ் செய்ததும் அதுவே.

ஒரு விளையாட்டில் ஆட்டக்காரர்களுக்குத் தேர்ந்தெடுக்கப் பல வகை வேண்டும் என்ற நடைமுறைத் தேவைக்காகச் செய்த பங்கீடு இது. இருந்தும் பெயர்களின் பழைய உள்ளத்தை அது தொட்டுவிட்டது. விசார்ட் அறிந்தவன் என்ற இடத்துக்குத் திரும்பினான். சார்சரர் என்ற சொல்லில் சீட்டோடு சேர்ந்து வாய்த்த விதி என்ற பொருளும் இருந்ததே, பிறப்பில் வாய்த்த சக்திக்கு அது பொருந்துகிறது. வார்லாக்கில் வாக்கு என்ற பாதி நிற்கிறது. அதை மீறியவன் என்ற பாதி மட்டும் தலைகீழாகி, வாக்குக்குக் கட்டுண்டவன் ஆகிவிட்டது. இந்த அளவுகோலை வைத்தால் கண்டால்ஃப் விசார்டே ஆகமாட்டார். இஸ்தாரிகள் மனித உருவெடுத்து வந்த மையார் என்னும் தேவகணத்தினர். அவர்களுடைய ஆற்றல் பிறவி ஆற்றல். பெயரை வேரால் பார்த்த டோல்கியனுக்கும் வகையால் பார்த்த விதிநூலுக்கும் உள்ள தூரம் இங்கே தெரிகிறது. எனக்கு டோல்கியனின் பார்வையே சரி. கண்டால்ஃபை விசார்ட் ஆக்குவது அவர் எங்கிருந்து வந்தார் என்பது அல்ல, மினாஸ் திரித்தின் சுவடிகளுக்கு முன் அவர் உட்கார்ந்திருந்ததுதான்.

டெர்ரி பிராட்செட் 1987இல் ‘ஈக்வல் ரைட்ஸ்’ நாவலில் பெண் விசார்ட் ஆகக் கூடாதா என்ற, லெ குவின் பின்னர் எடுக்கப்போகும் கேள்வியை முன்பே எடுத்தார். சாகப்போகும் விசார்ட் ஒருவர் எட்டாவது மகனின் எட்டாவது மகனுக்குக் கோலைக் கொடுத்துவிடுகிறார், பிறந்தது பெண். கணினி உலகத்திலும் இந்தச் சொல் அதன் முதல் பொருளிலேயே போய் அமர்ந்தது. 1991இல் மைக்ரோசாஃப்ட் பப்ளிஷர் மென்பொருளில் பக்க அமைப்புக்குப் படிப்படியாக வழிகாட்டிய கருவிக்கு விசார்ட் என்றே பெயர். தமிழ்நாட்டில் கண்டால்ஃபைக் கேள்விப்படாத பலரும் மென்பொருள் நிறுவும் திரையில் இந்த அறிந்தவனைச் சந்தித்திருக்கிறார்கள்.

ஹாரி பாட்டர் கதைகளில் ஜே. கே. ரௌலிங் விசார்ட் என்பதை ஆணுக்கும் விட்ச் என்பதைப் பெண்ணுக்கும் வைத்து, பால் தவிர வேறு வேறுபாடு இல்லாமல் செய்தார். இருவரும் ஒரே பள்ளியில் ஏழாண்டு படிக்கிறார்கள். சக்தி பிறப்பில் வருகிறது, ஆனால் படிக்காமல் பயன்படாது. அங்கே மந்திரவாதிகளின் உயர்நீதிமன்றத்தின் பெயர் விசென்கமாட். பழைய ஆங்கிலேய அரசர்களின் அறிஞர் அவையான விட்டனகெமோட்டை வளைத்து அமைத்த பெயர். அறிவு என்ற அதே வேர் அங்கே அவையாக அமர்ந்திருக்கிறது.

முதல் நூல் 1997இல் இங்கிலாந்தில் வந்தபோது தலைப்பில் ‘ஃபிலாசபர்ஸ் ஸ்டோன்’ இருந்தது. தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கும் இரசவாதிகளின் கல் அது, நூற்றாண்டுகளாக வழங்கிய பெயர். 1998இல் அமெரிக்கப் பதிப்பில் அது ‘சார்சரர்ஸ் ஸ்டோன்’ ஆனது. தத்துவ அறிஞர் என்ற சொல் அங்குள்ள சிறுவர்களுக்கு மந்திரத்தை நினைவூட்டாது என்ற எண்ணம்தான் காரணம். விசார்ட் என்ற சொல்லின் முதல் பொருளே ஃபிலாசபர் என்பதால் இந்த மாற்றம் எனக்கு உறுத்துகிறது. கதையில் அந்தக் கல்லைச் செய்தவராக வரும் நிக்கோலா ஃப்ளமெல் உண்மையில் வாழ்ந்தவர். பாரிஸில் கைப்பிரதி எழுதியும் விற்றும் பிழைத்த எழுத்தர், 1418இல் இறந்தார். இரசவாதி என்ற கதை அவர்மேல் பிற்காலத்தில் ஏறியது. அந்தக் கதையின்படியும் அவர் சீட்டுப் போட்டுக் கல்லைப் பெறவில்லை, இரத்தத்தில் கொண்டுவரவும் இல்லை. விளங்காத ஒரு பழைய புத்தகம் கைக்கு வந்தது. அதைப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் உழைத்தார். சார்சரர் என்ற பெயர் அவருக்கு எந்த வழியிலும் பொருந்தாது.